கறுப்பு வண்டியின் பெயின்ட்: கண்ணில் படும் குறையை வைத்துக் காரணத்தைப் பிடித்துச் சரிசெய்வது

கறுப்பு வண்டியில் நம்மைப் படுத்தும் குறைகளெல்லாம் வெள்ளை வண்டியிலும் இருக்கின்றன. அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வெள்ளை பெயின்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதனால் ஒரு கீறல் சிதறடிக்கும் கொஞ்சம் வெளிச்சம் அதோடு கலந்து காணாமல் போய்விடும். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும், மேல்பரப்பு மட்டும் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும், அந்தக் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலோ காய்ந்த தண்ணீர்ப் பொட்டோ இருந்தால் வெளுப்பாக எழுந்து நிற்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய வண்டிகளில் நாம் தொடுவது கறுப்பு பெயின்டையே இல்லை. அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரும், அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அந்தப் படலத்துக்குள்தான் பளபளப்பும் இருக்கிறது, கீறலும் இருக்கிறது. பாலிஷ் போடுவது என்றால் அந்தப் படலத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்ப வராது. அதனால் "பளபளப்பு போச்சு" என்றதும் கையில் கிடைத்த பாலிஷை எடுத்துத் தேய்க்கக் கூடாது, முதலில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் கறுப்பு பெயின்டைக் கெடுப்பதில் பெரிய பங்கு வெயிலுக்கோ மழைக்கோ கிடையாது, துடைக்கும் கைக்குத்தான். கீழே வரும் பாதிக் குறைகளுக்குக் காரணம் அதுவே.

எதையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வண்டியை நன்றாகக் கழுவி, காயவைத்து, நிழலில் நிறுத்துங்கள். அழுக்கோடு பார்த்தால் எதுவும் பிடிபடாது. ஒரு டார்ச் லைட், செல்போன் லைட்கூடப் போதும், அதை பெயின்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, நேராகவும் சாய்வாகவும் பாருங்கள். டியூப் லைட் போன்ற பரந்த வெளிச்சத்தில் கறுப்பு எப்போதும் நன்றாகத்தான் தெரியும், புள்ளியாக வரும் வெளிச்சம்தான் உண்மையைச் சொல்லும்.

அப்புறம் மூன்று சின்னச் சோதனைகள். குறை தெரியும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் குறை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியர் கோட்டின் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலும் பாலிஷில் போய்விடும். கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுங்கள், நகம் தடுக்கினால் அது பாலிஷ் வேலைக்கு மிஞ்சிய ஆழம். கடைசியாக, கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு பெயின்டின்மேல் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தோன்றிய பானெட் பைக்குள்ளிருந்து தடவும்போது மணல் ஒட்டியது மாதிரி நறநறவென்று உணர்த்தும். அப்படி இருந்தால் கண்ணுக்குத் தெரியாத எதுவோ பெயின்டில் பதிந்திருக்கிறது.

வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது

கறுப்பு வண்டிக்காரர்களின் முதல் புலம்பல் இதுதான். டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை, எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால், லைட்டைச் சுற்றி வலை பின்னியது போலத் தெரிகிறது. அதனால் "யாரோ வட்டமாகத் துடைத்துவிட்டார்கள்" என்று தேடுவதில் பயனில்லை. எந்தப் பக்கம் துடைத்திருந்தாலும், துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே மண் இருந்தால் இது வரும்.

மண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காலையில் காய்ந்த துணியாலோ தூசித் தட்டியாலோ ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்பும் பழக்கம் முதல் காரணம். தூசி பார்க்க மிருதுவாக இருந்தாலும் அதில் மணல் துகள் உண்டு, மணல் கிளியர் கோட்டைவிடக் கடினம். ஒரே பக்கெட்டில் துணியை முக்கி முக்கித் துடைப்பது இரண்டாவது, பாதி வண்டி முடிவதற்குள் பக்கெட் தண்ணீர் மண் கலங்கலாகிவிடும். சுழலும் பிரஷ் வைத்த தானியங்கிக் கழுவல் மூன்றாவது, முந்தின வண்டியின் சேறு அந்தப் பிரஷில் இருக்கும். நான்காவதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை: தூசியோடு இருக்கும் வண்டிமேல் கவர் போடுவது. காற்றில் கவர் ஆட ஆட, அது பெயின்டை நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும்.

கீறலை எடுப்பதற்கு முன்பு கழுவும் முறையை மாற்றுங்கள். இந்த வரிசையை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய முறையிலேயே கழுவிக்கொண்டு பாலிஷ் போட்டால் கொஞ்ச நாளில் கீறல் திரும்ப வரும், கிளியர் கோட் மட்டும் குறைந்திருக்கும்.

கழுவும்போது முதலில் தொடாமல் எவ்வளவு அழுக்கை இறக்க முடியுமோ அவ்வளவையும் இறக்கிவிடுங்கள். தண்ணீரை மேலிருந்து கீழாக நிறைய ஊற்றுங்கள் அல்லது பீய்ச்சுங்கள். நுரை அடிக்கும் வசதி இருந்தால் நுரையைப் போட்டு, காயவிடாமல் சில நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். அப்புறம் இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு கரைசல், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் முக்கி ஒரு பகுதியைத் துடைத்ததும், நேராக ஷாம்புக்குத் திரும்பாமல் வெறும் தண்ணீரில் நன்றாக அலசி மண்ணை உதறிவிட்டு, அப்புறம் ஷாம்பில் முக்குங்கள். பக்கெட்டின் அடியில் மண் தடுக்கும் சல்லடைத் தட்டு போட்டால் இறங்கிய மண் மேலே கிளம்பி வராது. கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று மேலிருந்து வாருங்கள். கதவின் அடிப்பாகமும் பின் பம்பரும் கடைசியில், முடிந்தால் வேறு கையுறையால். சக்கரத்துக்குத் தனி பக்கெட், தனித் துணி, அதைத் தவறிக்கூட பாடிக்குக் கொண்டுவராதீர்கள். கை அழுத்தமே வேண்டாம், கையுறையின் எடை போதும். நீளவாக்கில் இழுங்கள். தப்பித் தவறி ஒரு கீறல் விழுந்தாலும் ஒரே திசையில் கிடக்கும் கீறல் அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பை வேண்டாம் என்கிறேன். அது எண்ணெய்ப் பசையை எடுக்கச் செய்தது, பெயின்டைக் காக்கப் பூசிய வாக்ஸ் என்ற மெழுகையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகும், மண் துகள் வழுக்கிப் போவதற்கான வழுவழுப்பும் அதில் குறைவு. வண்டி ஷாம்பு, அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை வகை, போதும்.

துடைத்துக் காயவைப்பதில்தான் நன்றாகக் கழுவியவர்கள்கூடக் கோட்டைவிடுகிறார்கள். பழைய பனியனும் துண்டும் வேண்டாம். தடிமனான பெரிய மைக்ரோஃபைபர் டவலை பானெட் மேல் விரித்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள், அல்லது ஒற்றி எடுங்கள். காற்று ஊதும் கருவி இருந்தால் கண்ணாடி இடுக்கு, கைப்பிடி, லோகோ இடங்களில் ஊதிவிடுங்கள், பாதித் தொடுதல் மிச்சம். தரையில் விழுந்த துணி எதுவானாலும் அதை அன்றைக்கு பெயின்டில் வைக்கக் கூடாது, உதறினால் மண் போகாது. மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், பஞ்சு முழுக்க ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது இழைகளில் படிந்து துணியின் ஈர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும்.

இனி கீறலை எடுப்பது. கையால் தேய்த்தால் ஒரு சின்ன இடத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், முழு வண்டிக்குக் கை வராது. ஆட்டமும் சுழற்சியும் சேர்ந்த டூயல் ஆக்ஷன் பாலிஷர் என்ற தேய்க்கும் இயந்திரம்தான் புதியவருக்குப் பாதுகாப்பானது, சூட்டைக் குறைவாக எழுப்பும். முதலில் பானெட்டில் ஒரு முழச் சதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே மென்மையான பாலிஷ், மென்மையான பேட் (பாலிஷரின் முனையில் மாட்டும் மெத்தை) போட்டுப் பாருங்கள். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். பேடில் நாலைந்து சொட்டு பாலிஷ், மெதுவான வேகத்தில் பரப்பி, அப்புறம் வேகம் கூட்டி, ஒவ்வொரு ஓட்டமும் முந்தின ஓட்டத்தின் பாதிமேல் ஏறும்படி நிதானமாக நகர்த்துங்கள். துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

அந்த ஆல்கஹால் துடைப்பை விட்டுவிடக் கூடாது. பல பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பியும் இருக்கும், அவை கீறலுக்குள் உட்கார்ந்து கீறல் போய்விட்ட மாதிரி காட்டும், சில கழுவலில் கரைந்ததும் எல்லாம் வெளியே வரும். ஆல்கஹால் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். கீறல் போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமையான பாலிஷுக்கோ பேடுக்கோ போங்கள். பாடியின் மடிப்புகளிலும் ஓரங்களிலும் கிளியர் கோட் மெலிந்திருக்கும், அங்கே பாலிஷரை நிறுத்தி அழுத்தாதீர்கள். நூற்றுக்கு நூறு கீறலையும் எடுத்தே தீருவேன் என்று நிற்பதைவிட, முக்கால்வாசி போய்விட்டால் நிறுத்திக்கொள்வது நல்லது. மிச்சமிருக்கும் கிளியர் கோட் இன்னும் பல வருடத்துக்கு வேண்டும்.

பாலிஷ் போட்ட பிறகு வெயிலில் நிழல் மாதிரி கோடுகள் அசைகின்றன

வண்டியைச் சுற்றி நடந்தால் கோடுகளும் கூடவே நகரும், எண்ணெய் பூசியதுபோல ஒரு முப்பரிமாணத் தோற்றம் வரும். ஹாலோகிராம் என்பார்கள். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷரில் கம்பளி பேடோ காம்பவுண்ட் எனும் கடுமையான பாலிஷோ போட்டு அடித்துவிட்டு, அடுத்த மென்மையான கட்டத்தைச் செய்யாமல் விட்டால் இதுதான் மிஞ்சும். டூயல் ஆக்ஷன் பாலிஷர், மென்மையான பேட், கடைசிக் கட்ட மெல்லிய பாலிஷ், ஒரு சுற்று போனால் போதும், பெரும்பாலும் அடங்கிவிடும். வெளியில் வேலைக்குக் கொடுத்திருந்தால் வண்டியை நிழலுக்குள் வாங்காதீர்கள். வெயிலில் நிறுத்தச் சொல்லி, ஆல்கஹாலால் ஒரு இடத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெள்ளை வெள்ளையாகப் பொட்டு, வளையம்

கழுவிய மறுநாள் பானெட்டிலும் கூரையிலும் சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தால் அது தண்ணீரின் வேலை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் தண்ணீர் ஆவியானதும் உப்பாகப் படிந்துவிடும். கறுப்பு வெயிலில் சீக்கிரம் கொதிப்பதால் துளி துடைப்பதற்குள் காய்ந்துவிடும், அதனால்தான் இது கறுப்பில் அதிகம்.

இதில் இரண்டு நிலை உண்டு. மேலே படிந்தது மட்டும் என்றால், சமையல் வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, நிழலில், சூடில்லாத பெயின்டின்மேல் நனைத்த துணியால் ஒற்றி, ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, நிறையத் தண்ணீரால் அலசுங்கள். உப்பு கரைந்து போய்விடும். வினிகர் காயக் கூடாது, வெயிலில் செய்யக் கூடாது, பூச்சு இல்லாத அலுமினியப் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்ஸ் இருந்தால் அதுவும் பலவீனப்படும், அப்புறம் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

வினிகருக்குப் பிறகும் அதே இடத்தில் வட்டத்தின் ஓரம் மட்டும் நிழலாகத் தெரிந்தால், உப்பு போய்விட்டது, ஆனால் அது கிளியர் கோட்டை அரித்த பள்ளம் இருக்கிறது. இனி அமிலத்தை எத்தனை முறை வைத்தாலும் பயனில்லை, மெல்லிய பாலிஷ்தான். பள்ளம் ஆழமாக இருந்தால் அதன் ஓரங்களை மழுக்கித் தெரியாமல் செய்வதோடு விட்டுவிடுங்கள், அடி ஆழம் வரை துரத்திப் போகாதீர்கள்.

வராமல் தடுக்க, பானெட்டைத் தொட்டால் கை சுடும் நேரத்தில் கழுவாதீர்கள், கடைசி அலசலுக்கு ஹோஸின் முனைக் கருவியைக் கழற்றிவிட்டு வெறும் ஹோஸால் மெதுவாக மேலிருந்து வழியவிடுங்கள். தண்ணீர் படலமாக ஒன்றாய்ச் சேர்ந்து வழிந்து இறங்கும், துளிகள் குறைவாகத்தான் நிற்கும். உப்புத் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கும் என்றால் ஒரே நேரத்தில் முழு வண்டியையும் நனைக்காமல், பகுதி பகுதியாகக் கழுவி உடனே ஒற்றி எடுங்கள்.

பறவை எச்சம் போன இடத்தில் மங்கிய தழும்பு

இதில் நேரம்தான் எல்லாம். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் கறுப்பு பெயின்ட் சூடேறி மிருதுவாகும்போது எச்சமும் காய்ந்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. சூடான நாளில் சில மணி நேரத்திலேயே அச்சு விழுந்துவிடும்.

பார்த்ததும் சுரண்டாதீர்கள். எச்சத்துக்குள் விதையும் மணலும் இருக்கும், காய்ந்த துணியால் தேய்த்தால் தழும்போடு கீறலும் சேர்ந்துகொள்ளும். டிஷ்யூ பேப்பரையோ துணியையோ தண்ணீரில் நன்றாக நனைத்து அதன்மேல் போர்த்தி ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். விளிம்பு இளகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி கூழாகிவிடும். அப்புறம் துணியை அப்படியே மடக்கி எடுத்தால் கூடவே கழன்று வரும், மிச்சத்தை இன்னொரு ஈரத் துணியால் ஒற்றிவிடலாம். வண்டிக்குள் ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில் தண்ணீரும் இரண்டு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் இருக்கட்டும். கறுப்பு வண்டிக்கு நான் சொல்லும் செலவுகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

எச்சம் போன பிறகு வளையமோ சுருக்கம் விழுந்த தோற்றமோ இருந்தால், லேசானதென்றால் மெல்லிய பாலிஷ். வெடிப்பு மாதிரி நகத்துக்குத் தட்டுப்பட்டால் பாலிஷ் அதைச் சுற்றியிருக்கும் நல்ல கிளியர் கோட்டைத்தான் தின்னும், விட்டுவிடுங்கள் அல்லது பெயின்ட் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பூச்சிகள் நசுங்கி ஒட்டிய முன்பக்கத்துக்கும் இதே ஊறவைக்கும் முறைதான்.

கழுவியும் கைக்கு நறநறப்பு, பளபளப்பில் கூர்மை இல்லை

பிளாஸ்டிக் பைச் சோதனையில் நறநறத்ததே, அது பெரும்பாலும் பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளப் பக்கமிருந்தும் பறந்து வந்து பெயின்டில் குத்திக்கொண்ட இரும்புத் துகள். ஷாம்பு இதை அசைக்காது. இரும்பு நீக்கும் திரவத்தை நிழலில், குளிர்ந்த பெயின்டில் தெளித்தால் இரும்பு இருக்கும் இடங்களிலெல்லாம் ஊதா நிறமாகக் கசிந்து ஓடும். வெள்ளை வண்டியில் அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கறுப்பில் அலசி வழியும் தண்ணீரில்தான் தெரியும், அதனால் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று இன்னும் இன்னும் ஊற்றாதீர்கள். காய்வதற்குள் நன்றாக அலசிவிடுங்கள். வாடை மூக்கைத் துளைக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் நறநறப்பு மிஞ்சினால் கிளே பார். வழுக்கும் திரவம் தாராளமாகத் தெளித்து, களிமண் போன்ற அந்தக் கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். ஆரம்பத்தில் தடைப்பட்டு சத்தம் வரும், துகள் கழன்றதும் சத்தம் நின்று வழுக்கிக்கொண்டு போகும். அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தை எடுங்கள். கீழே விழுந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான், மண் அதற்குள் புகுந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: கறுப்பில் கிளே எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் லேசான உரசல் தடம் விட்டுத்தான் போகும். பாலிஷ் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் கிளேயை எடுங்கள், இல்லையென்றால் இரும்பு நீக்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முழு வண்டியும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருக்கிறது

ஒரு இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் நல்ல ஆழ்ந்த கறுப்பு வந்தால் நம்பிக்கை இருக்கிறது. அது நுண்கீறல் மண்டிக் கிடப்பதால் வந்த வெளுப்பாகவோ மேலே படிந்த பழைய பொருட்களின் அழுக்காகவோ இருக்கும். நன்றாகக் கழுவி, இரும்பு நீக்கி, சோதனைச் சதுரத்தில் பாலிஷ் போட்டால் வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

பாலிஷ் துணியில் கறுப்பு நிறம் ஏறினால் பயப்பட வேண்டாம், ஆனால் கவனியுங்கள். அது கிளியர் கோட் இல்லாத பழைய வகை ஒற்றைப் பூச்சு பெயின்டாக இருக்கலாம், வெயிலில் ஆக்சிஜனேற்றம் அடைந்த மேல்பகுதிதான் துணியில் வருகிறது. மென்மையாகத் தேய்த்தால் கீழிருந்து நல்ல கறுப்பு வரும். கிளியர் கோட் உள்ள வண்டியென்று உறுதியாகத் தெரிந்தும் துணியில் கறுப்பு வந்தால் அந்த இடத்தில் உடனே நிறுத்துங்கள், கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

தண்ணீர் தெளித்தும் வெளுப்பு மாறாமல், திட்டுத் திட்டாக ஓரம் உரிந்து, நகத்தால் தொட்டால் செதிலாக வந்தால் கிளியர் கோட்டே செத்துவிட்டது. கூரையிலும் பானெட்டிலும்தான் இது முதலில் வரும். எந்த வாக்ஸும் பாலிஷும் இதைக் காப்பாற்றாது, அந்தப் பாகத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். அதுவரை பாலிஷ் பக்கமே போகாதீர்கள், உரிவது வேகமாகும். அப்படிப் புதிதாக அடித்த பெயின்ட் முழுசாக உலரச் சில வாரங்கள் ஆகும். எப்போது வாக்ஸோ கோட்டிங்கோ போடலாம் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுவிய சில மணி நேரத்தில் தூசி அப்பிக்கொள்கிறது

கறுப்பில் தூசி தெரியத்தான் செய்யும், அதை முழுசாக மாற்ற முடியாது. வழக்கத்தைவிட வேகமாக ஒட்டினால் மேலே பிசுபிசுப்பான பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகமாகப் பூசிச் சரியாகத் துடைக்காத வாக்ஸ், எண்ணெய்த் தன்மையுள்ள "உடனடிப் பளபளப்பு" ஸ்பிரே, டயருக்குப் போட்ட பூச்சு தெறித்து ஒட்டியது, எல்லாம் தூசியைப் பிடித்து வைக்கும். காய்ந்த துணியால் வேகமாகத் தேய்க்கும்போது மின்னூட்டம் ஏறுவதாலும் தூசி திரும்ப வந்து ஒட்டும். ஒரு நல்ல ஷாம்பு கழுவல், மெல்லிய ஒற்றைப் படலமாக சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) அல்லது வாக்ஸ், அவ்வளவு போதும். நடுவில் தூசி விழுந்தால் ஊதிவிடுங்கள், தண்ணீர் ஊற்றி வழியவிடுங்கள், அதுவும் முடியாதென்றால் அடுத்த கழுவல் வரை அப்படியே விட்டுவிடுங்கள். தூசியோடு ஓடும் கறுப்பு வண்டி அடுத்த கழுவலில் பளபளத்துவிடும், தினமும் துடைத்த வண்டி அப்படி வராது.

வாக்ஸ் போட்ட பிறகு திட்டு, வானவில் நிறம்

பொருள் அதிகமாகிவிட்டது அல்லது வெயிலில் சூடான பெயின்டில் போட்டிருக்கிறீர்கள். வாக்ஸ் திட்டென்றால் இன்னொரு மெல்லிய கோட் போட்டு உடனே சுத்தமான துணியால் துடைத்தால் பழையது இளகி வந்துவிடும். துணி நனைந்து பாரமாகிவிட்டால் மாற்றுங்கள், பூசியதையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். பூசியதும் இறுகிக் கெட்டியாகும் செராமிக் கோட்டிங்கில் அப்படிக் கிடையாது, துடைக்காமல் விட்ட தடித்த இடம் இறுகிவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் கறுப்பில் செராமிக் போடும்போது சின்னச் சின்னப் பகுதியாகப் போட்டு, டார்ச்சை எல்லாக் கோணத்திலும் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்கு நகருங்கள்.

தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படிந்து கிடக்கிறது

பாதுகாப்புப் பூச்சு போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மேலே அழுக்குப் படலம் மூடியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். நன்றாக ஒரு கழுவல், இரும்பு நீக்கி ஒரு முறை, அதன் பிறகும் தண்ணீர் உருளவில்லை என்றால் பூச்சு தீர்ந்துவிட்டது. கார்னாபா என்ற தாவர மெழுகாலான வாக்ஸ் ஒன்றிரண்டு மாதம் தாங்கும், செயற்கை சீலன்ட் நாலைந்து மாதம், செராமிக் அதைவிட நெடுநாள். வெயிலும் கழுவும் முறையும் இதைக் கூட்டும் குறைக்கும்.

செராமிக் போட்டால் கீறலே விழாது என்று நம்பி அதில் பணத்தைப் போடுபவர்கள் நிறைய. அது விழும். மண்ணோடு தேய்த்தால் கோட்டிங்கிலும் கீறல் விழும், காய்ந்த தண்ணீர்ப் பொட்டு அதன்மேலும் படியும். அது தருவது எளிதாக அழுக்கு கழல்வது, எச்சத்துக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் தடுப்பு, நீடித்த பளபளப்பு. இவ்வளவும் நல்லதுதான், ஆனால் கீறலை எடுக்காமல் மேலே கோட்டிங் போட்டால் கீறலையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகிவிடும்.

சின்னச் சின்னத் தொல்லைகள்

தார்ப் புள்ளிகள் கதவின் அடிப்பாகத்தில் மேடாகத் தட்டுப்படும், கறுப்பில் கறுப்பு என்பதால் கைக்குத்தான் தெரியும். தார் நீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி வைத்து, கரைந்ததும் துடைத்து, ஷாம்பால் கழுவிவிடுங்கள். மரப் பிசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஊறவிட்டு எடுக்க வேண்டும், நகத்தால் பெயர்க்கக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வாக்ஸ் பட்டு வெள்ளையாகக் காய்ந்திருந்தால் அதே ஆல்கஹாலும் மென்மையான பழைய டூத் பிரஷும் போதும், அடுத்த முறை டேப் ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். நகம் தடுக்கும் ஆழ்ந்த கீறலுக்கும் கல் தெறித்த பொட்டுக்கும் வண்டியின் தொழிற்சாலை நிறக் குறியீட்டுக்குப் பொருந்தும் டச்-அப் பெயின்டை, கீறலுக்குள் மட்டும், மெல்லிய பல அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு வையுங்கள். இரும்புத் தகடு தெரியும் அளவுக்குப் போயிருந்தால் துருப் பிடிப்பதற்குள் செய்துவிட வேண்டும். அந்த நிறக் குறியீடு சரியாக இருக்கட்டும், கறுப்பிலும் பலவகைக் கறுப்பு உண்டு.

பளபளப்பில்லாத மேட் கறுப்பு என்றால்

மேலே சொன்ன பாலிஷ், காம்பவுண்ட், வாக்ஸ் எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். மேட் தோற்றம் மேல்பரப்பின் நுண்ணிய கரடுமுரடால் வருவது, தேய்த்தால் அந்த இடம் மட்டும் வழவழப்பாகி மின்னத் தொடங்கும், திரும்ப மேட் ஆக்க வழி கிடையாது. மேட் பெயின்டுக்கென்றே விற்கும் ஷாம்பு, அதற்கேற்ற சீலன்ட், ஊறவைத்து எடுக்கும் முறை, அழுத்தாமல் ஒற்றுவது, இவை மட்டும் போதும். எச்சமோ பூச்சியோ பட்டால் மற்ற வண்டிகளைவிட வேகமாக எடுத்தாக வேண்டும், ஏனென்றால் அச்சு விழுந்துவிட்டால் அதைப் பாலிஷ் போட்டு மறைக்கும் வழி இந்த வண்டிக்குக் கிடையாது, அந்தப் பாகத்தை முழுசாக மறுபடி அடிக்க வேண்டியதுதான்.